வரிசை எண் ஆள் ஆகாது

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்போது மேசை மேல் ஒரு திரை. திரையில் ஒரு அட்டவணை. வரி வரியாகப் பெயர்கள். உட்கார்ந்திருப்பவர் மவுஸை நகர்த்தி ஒரு வரியின் மேல் கிளிக் செய்கிறார். அந்த வரி நீல நிறமாகிறது. பிறகு கீழே உள்ள ஒரு பொத்தானை அழுத்துகிறார். வேலை முடிந்தது, அடுத்தவர் வரலாம். பென்ஷன், பட்டா, ரேஷன், வங்கி, ஆஸ்பத்திரி, எல்லா இடத்திலும் இதே கதைதான்.

அந்த இரண்டு கிளிக்குகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "கோ.பூவராகன், பென்ஷன் எண் இன்னது" என்று ஆளை ஞாபகம் வைத்துக்கொள்கிறதா? அல்லது "மேலிருந்து நாலாவது" என்று இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறதா?

இடத்தை ஞாபகம் வைக்கும் புரோகிராம்கள் நாட்டில் ஏராளம். எழுதுகிறவர்களுக்கு அது சுலபம், அதனால் அப்படி எழுதுகிறார்கள். அப்படி எழுதுவது தப்பு என்பது என் கட்சி. சின்னத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. ஒருவருடைய காசும் பெயரும் இன்னொருவர் தலையில் போய் விழுகிற தப்பு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு பைத்தான் கற்றுக்கொண்டு, தெரிந்தவர்களுக்கு இருப்புக் கணக்கு, சந்தாக் கணக்கு என்று சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கவுன்ட்டருக்கு வெளியே கால் கடுக்க நின்றும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் நம் ஊர்ப் பெயர்களைப் பார்ப்போம். ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாள் பூவராகர். ஆகவே வீட்டுக்கு ஒரு பூவராகன். வராகன், வராகமூர்த்தி, பூவராகமூர்த்தி என்று கிளைகள் வேறு. தாயார் அம்புஜவல்லி. ஆகவே தெருவுக்கு நாலு அம்புஜவல்லி. விருத்தாசலம் பக்கம் போனால் பழமலை, விருத்தகிரி, விருத்தாம்பாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் அருளால் கொளஞ்சி, கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள். நமக்கு வடநாட்டார் போலக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் துணை. கோவிந்தராஜன் மகனும் கோ.பூவராகன், கோபாலன் மகனும் கோ.பூவராகன். அகர வரிசையில் போட்டால் இருவரும் அடுத்தடுத்த வரியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வரி நழுவினால் ஆள் மாறினார்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிறவர்கள் கூடப் பெயரோடு ஊரையும் எழுதித்தான் கட்டுகிறார்கள். எல்லாம் அறிந்த முருகனுக்கே அவ்வளவு விவரம் கொடுக்கிறோம். ஒன்றும் அறியாத கம்ப்யூட்டருக்கு "நாலாவது வரி" என்று மட்டும் சொன்னால் எப்படி?

நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். அலுவலகம் எது என்று சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், அவர் பெயரும் நம் பெருமாள் பெயர்தான். அதே பெயர், அதே இனிஷியலில் இன்னொருவர் காலமாகிவிட்டார். காலமானவர் கணக்கை மூட வேண்டும். அங்கிருந்த பெண் சரியான வரியைத்தான் கிளிக் செய்தார். பொத்தானை அழுத்துவதற்குள் ஒரு போன். பேசிக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில் வேறு மேசையிலிருந்து யாரோ ஒரு புதுப் பெயரைப் பட்டியலில் ஏற்றினார்கள். திரை தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. புதுப் பெயருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி இறங்கினார்கள். நீலம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. மேல் வரியில் இருந்தவர் இப்போது நீலத்துக்குள் வந்துவிட்டார். போனை வைத்துவிட்டு அந்தப் பெண் பொத்தானை அழுத்தினார். உயிரோடு இருப்பவர் காலமானார்.

மூன்று மாதம் அவருக்குப் பணம் வரவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்க ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அந்தத் திரையின் பக்கத்தில் நின்று, ஒரு வரியைக் கிளிக் செய்து வைத்துவிட்டுப் பக்கத்து மேசையில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னேன். நீலம் அடுத்த ஆளுக்குத் தாவியதைக் கண்ணால் பார்த்தேன். பெரியவருக்குப் பணம் பிறகு வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. புரோகிராம் எழுதியவருக்கு எதுவும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான்.

உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்டத்து லால் பிகாரி என்பவர் 1975 முதல் 1994 வரை அரசு ஏட்டில் இறந்தவராகவே இருந்தார். தன் பெயருக்குப் பின்னால் "காலமானவர்" என்று பட்டம் போட்டுக்கொண்டு, தன்னைப் போன்றவர்களுக்குச் சங்கமே ஆரம்பித்தார். அங்கே நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவுக்காரர்கள் செய்த வேலை அது. நம் பெரியவர் விஷயத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் கூட இல்லை. ஒரு சோம்பேறிப் புரோகிராம் போதுமாக இருந்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதெல்லாம் நடக்கவில்லையா என்றால், நடந்தது. ஆனால் அதற்கு மருந்தும் அப்போதே கண்டுபிடித்திருந்தார்கள். குறிப்பேடு எழுதியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விவரத்துக்கும் தொகைக்கும் நடுவில் ஒரு ஒல்லியான கட்டம், தலைப்பு "பே.ப.எ.". பேரேட்டுப் பக்க எண். பத்துக் கொளஞ்சிநாதன்கள் சரக்கு வாங்கினாலும் 47-ம் பக்கத்துக் கொளஞ்சிநாதன் ஒருவர்தான். குறிப்பேட்டில் அவர் இன்று மூன்றாவது வரியில் வருவார், நாளை பதினோராவது வரியில் வருவார், பே.ப.எ. மாறாது. "மூணாவது வரியில இருக்கறவருக்கு வரவு வை" என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. சொன்னால் கணக்குப்பிள்ளை சிரிப்பார்.

ரயிலில் பாருங்கள். வெயிட்டிங் லிஸ்டில் இன்று நீங்கள் 12, நாலு பேர் ரத்து செய்தால் நாளை 8. இடம் மாறிக்கொண்டே இருக்கும். பத்து இலக்க பி.என்.ஆர். எண் மாறுகிறதா? வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். திருத்தப் பட்டியல் வரும்போது உங்கள் வரிசை எண் மாறும். அதனால்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத் சிலிப்பைத் தேடுகிறோம். ஆனால் 1993-ல் டி.என்.சேஷன் காலத்தில் ஆரம்பித்த வாக்காளர் அட்டையின் எண், மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும், உங்களை விட்டுப் போவதில்லை. இடம் ஒன்று, அடையாளம் ஒன்று. இரண்டும் வேறு வேறு என்பது நம் பாட்டன் காலத்து அறிவு. புதிதாக யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

எங்கள் பீங்கான் தொழிலிலும் இதே கதைதான். சூளைக்குள் அடுக்கிய வரிசை, வெளியே எடுத்த பிறகு இருக்காது. ஆகவே மண் ஈரமாக இருக்கும்போதே பொருளின் அடியில் குறி போட்டுவிடுகிறார்கள். வெந்து வந்த பிறகு எந்தத் தட்டில் எத்தனையாவதாக இருந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. திருப்பிப் பார்த்தால் குறி சொல்லும்.

இனி பைத்தானுக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம், பாடம் நடத்தப் போவதில்லை. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட மொழி இது. பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மான்ட்டி பைத்தான் என்ற ஆங்கில நகைச்சுவைத் தொடரின் பெயர். கற்றுக்கொள்ளச் சுலபம் என்பதால் இன்று நம் பேரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறார்கள். திரையில் ஜன்னல், பொத்தான், அட்டவணை போடுவதற்கு டிகின்டர் என்ற கருவி அதோடு கூடவே வருகிறது.

அந்த டிகின்டரில் பட்டியல் காட்ட இரண்டு வழி. பழையது லிஸ்ட்பாக்ஸ். "எந்த வரி தேர்வாகியிருக்கிறது?" என்று அதைக் கேட்டால் இடத்தைத்தான் சொல்லும். அதுவும் சுழியிலிருந்து எண்ணும். நமக்கு நாலாவது என்றால் அதற்கு 3. இன்னொன்று ட்ரீவியூ. இதைக் கேட்டால் இடத்தைச் சொல்லாது, அந்த வரியின் அடையாளத்தைச் சொல்லும். அதற்கு ஐ.ஐ.டி. என்று பெயர். சென்னையில் இருப்பது அல்ல, வரியின் அடையாளச் சொல் என்பதன் சுருக்கம்.

ஒரு வரியைச் சேர்க்கும்போதே "இவருடைய அடையாளம் இவருடைய பென்ஷன் எண்" என்று நாமே கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் பட்டியலை மேலும் கீழுமாகப் புரட்டுங்கள், பெயர் வாரியாக அடுக்குங்கள், ஊர் வாரியாக அடுக்குங்கள். அந்த வரியை எங்கே நகர்த்தினாலும் அடையாளம் கூடவே போகும், நீலமும் கூடவே போகும். ஒரே எண்ணில் இருவரைச் சேர்க்கப் பார்த்தால் "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று மறுத்துவிடும். இத்தனை காவலையும் கருவி இலவசமாகக் கொடுக்கிறது.

ஆனால் எழுதுகிறவர் அடையாளம் எதையும் கொடுக்காவிட்டால், கருவி தானாக ஐ001, ஐ002 என்று போட்டுக்கொள்ளும். அந்த எண்ணுக்கும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் இதோடு விட்டுவிட்டு, "தேர்வான வரி மேலிருந்து எத்தனையாவது?" என்று தனியாகக் கணக்குப் போட்டு, அந்த இடத்தை வைத்துக்கொண்டு வேறு ஒரு பட்டியலில் ஆளைத் தேடுகிறார்கள். கையில் பே.ப.எ. இருக்க, வரியை விரல் விட்டு எண்ணுகிற வேலை. இரண்டு பட்டியலும் ஒரே வரிசையில் இருக்கும் வரை சரியாகத்தான் வரும். ஒன்றை அடுக்கி மற்றதை அடுக்காமல் விட்ட அன்றைக்குத் தெரியும்.

இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்துப் பேர் உள்ள பட்டியலில் 3, 5, 8-ம் ஆட்களை நீக்க வேண்டும். மேலிருந்து ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லுங்கள். மூன்றாமவரை நீக்கியதும் எல்லாரும் ஒரு படி மேலே ஏறுவார்கள். இப்போது ஐந்தாவது இடத்தில் நிற்பவர் பழைய ஆறாம் ஆள். அவரை நீக்குவார்கள். மறுபடி எல்லாரும் ஏறுவார்கள். எட்டாவது இடத்தில் இப்போது பழைய பத்தாம் ஆள். அவரும் போனார். நீக்கச் சொன்னது 3, 5, 8. நீங்கியது 3, 6, 10. காகிதத்தில் எழுதி அடித்துப் பாருங்கள். கீழிருந்து மேலாக நீக்கினால் தப்பிக்கலாம் என்று கெட்டிக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். அடையாளத்தை வைத்து நீக்கினால் அந்தக் கெட்டிக்காரத்தனமே தேவையில்லை என்பது அதைவிட உண்மை.

இன்னொரு வேடிக்கை. கியூட் என்று இன்னொரு கருவி உண்டு, பெரிய புரோகிராம்கள் அதில்தான் எழுதுவார்கள். அதன் அட்டவணையில் ஒன்றையும் தேர்ந்தெடுக்காத நிலையில் "இப்போது எந்த வரி?" என்று கேட்டால் -1 என்று சொல்லும். ஒன்றுமில்லை என்று அர்த்தம். பைத்தானுக்கோ -1 என்றால் பட்டியலின் கடைசி ஆள். இந்த இரண்டையும் யோசிக்காமல் கோத்துவிட்டால், யாரையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தினால் கடைசியில் நிற்கும் ஆள் மாட்டுவார். அகர வரிசைப் பட்டியலில் கடைசியில் நிற்பவர் யார்? ஜானகி, ஜெயராமன், ஸ்ரீதரன், ஹரிகிருஷ்ணன். அவர்கள் செய்த பாவம் என்ன?

"இடம் வேண்டாம் என்றால் பெயரை வைத்துத் தேடலாமே" என்று சிலர் சொல்வார்கள். பூவராகன் கதையை முன்பே சொல்லிவிட்டேன். ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீமுஷ்ணம் என்பார் சிலர், திருமுட்டம் என்பார் சிலர். அதுகூடக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் அந்த "ஸ்ரீ" இரண்டு விதமாக இருக்கிறது. ஸகரத்தில் ஆரம்பித்து அடிப்பது ஒன்று. பின்னாளில் யூனிகோடில் சேர்த்த இன்னொரு எழுத்தில் ஆரம்பித்து அடிப்பது ஒன்று. திரையில் பல சமயம் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு ஊர். ஆகவே பெயரும் ஊரும் மனிதர் படிப்பதற்கு. கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ள ஒரு எண் வேண்டும், அது மாறாத எண்ணாக இருக்க வேண்டும்.

அந்த எண்ணைக் கூடத் திரையிலிருந்து திருப்பிப் படிக்கக் கூடாது. டிகின்டர் அட்டவணையின் கட்டங்களைத் திருப்பிக் கேட்டால், எண் மாதிரி தெரிவதை எல்லாம் எண்ணாகவே மாற்றிக் கொடுத்துவிடும். 00417 என்று போட்டது 417 ஆகத் திரும்பும். முன்னால் இருந்த சுழிகள் அம்போ. திரை காட்டுவதற்கு மட்டும்தான். ஆளைப் பற்றிய விவரத்தை அடையாளத்தைக் கொண்டு மூலப் பேரேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இனி எதிர்க்கட்சி வாதங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

"உபயோகிக்கிறவர் கவனமாக இருக்க வேண்டும்." இதுதான் அடிக்கடி கேட்கும் பதில், இதுதான் எனக்கு ஆத்திரமூட்டுவது. மேலே சொன்ன அந்தப் பெண் கவனமாகத்தான் இருந்தார். சரியான வரியைத்தான் கிளிக் செய்தார். காலடியில் பலகையை நகர்த்திவிட்டு, பார்த்து நடக்கக் கூடாதா என்று கேட்பது என்ன நியாயம்?

"நாங்கள்தான் நிச்சயமாகவா என்று ஒரு பெட்டியில் கேட்கிறோமே." கேட்கிறீர்கள். யாரை நிச்சயமாக என்று கேட்கிறீர்களா? வெறும் "நிச்சயமாகவா?" என்றால் ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஆமாம் என்று அழுத்திப் பழகிய கை அழுத்திவிட்டுப் போகும். "கோ.பூவராகன், தந்தை கோபாலன், எண் இன்னது, இவர் காலமானதாகப் பதியலாமா?" என்று கேட்டால் அந்தக் கை நிற்கும். கேள்வியில் ஆள் இருக்க வேண்டும்.

"எங்கள் பட்டியல் சின்னது, இருபது பேர்தான்." இருபது பேர் பட்டியல்தான் நாளைக்கு இரண்டாயிரம் ஆகிறது. புரோகிராமை மாற்றுவதற்கு அப்போது யாருக்கும் நேரம் இருக்காது. எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

"எண்ணைத் தப்பாக அடித்தால் மட்டும் ஆள் மாறாதா?" நல்ல கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. ஆதாரில் பன்னிரண்டு இலக்கம், கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் சோதிப்பதற்காகவே வைத்தது. ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். எண் தன்னைத் தானே காத்துக்கொள்ளச் செய்ய முடியும். "நாலாவது வரி" என்பதற்கு அப்படி ஒரு காவல் போட முடியுமா?

"இதற்கெல்லாம் செலவாகும்." வரியைச் சேர்க்கும்போது ஒரு எண்ணைச் சேர்த்துக் கொடுப்பது ஒரு சொல் வேலை. நான் எழுபதைத் தாண்டியவன், நான் எழுதும் புரோகிராம்களிலேயே அதைச் செய்கிறேன். ஒரு பீங்கான் யூனிட்டின் இருப்புக் கணக்கில் ஃபியூஸ் கேரியர் 16 ஆம்பியர், 32, 63, 100 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். பெயர் எல்லாம் ஒன்று, கடைசியில் எண் மட்டும் வேறு. ஒரு வரி தவறினால் லாரியில் வேறு சரக்கு ஏறிவிடும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீடு கொடுத்து, அதையே வரியின் அடையாளமாக வைத்தேன். லாரிச் சரக்குக்கே இவ்வளவு செய்யலாம் என்றால், ஒரு மனிதருடைய பென்ஷனுக்குச் செய்யக் கூடாதா?

பெரிய அளவில் இதைச் சரியாகச் செய்ய முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். நம் நாட்டிலேயே செய்கிறோம். ஓட்டு மெஷின் என்பது என்ன? ஒரு பெட்டிக்குப் பதினாறு வரி உள்ள ஒரு அட்டவணை. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தான். பெயரைப் படிக்கத் தெரியாதவரும் அதைச் சரியாகச் செய்கிறார். காரணம், வரிசை எண்ணை நம்பவில்லை, சின்னத்தை நம்புகிறார். 2015 முதல் வேட்பாளர் படமும் சேர்ந்துகொண்டது. அழுத்தியதும் அந்த வரியின் பக்கத்தில் விளக்கு எரிகிறது. 2019 தேர்தலில் இருந்து எல்லா வாக்குச் சாவடியிலும் விவிபேட் பெட்டி வேறு. நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பெயரும் சின்னமும் அச்சடித்து ஏழு விநாடி கண்ணாடிக்குள் காட்டுகிறது. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் வேறு சில பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். ஜனங்கள் பலாப்பழத்தைத் தேடினார்கள். பெயர் குழப்பினாலும் அடையாளம் குழப்பவில்லை. ஒரு நாள் வேலைக்கு இத்தனை ஏற்பாடு. வருஷம் முழுக்க நடக்கும் அலுவலக வேலைக்கு ஏன் இல்லை?

விருத்தாசலம் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்தாக இருக்கும். கோபுரம் ஐந்து, நந்தி ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேர் ஐந்து. அந்தப் பழக்கத்தில் நானும் ஐந்து கேட்கிறேன்.

ஒன்று. தேர்வான வரியை இடத்தால் பிடிக்கக் கூடாது, மாறாத எண்ணால் பிடிக்க வேண்டும்.

இரண்டு. பட்டியல் புதுப்பிக்கப்பட்டால், அடுக்கு மாறினால், நீலம் ஆளோடு போக வேண்டும். அந்த ஆள் பட்டியலிலேயே இல்லை என்றால் நீலம் மறைய வேண்டும். பக்கத்து ஆள் மேல் தாவக் கூடாது.

மூன்று. திரையைத் திறந்ததும் முதல் வரியைத் தானாகத் தேர்ந்தெடுத்து வைக்கக் கூடாது. யாரையும் தேர்ந்தெடுக்காதவரை பொத்தான் செத்துக் கிடக்க வேண்டும். சும்மா இருக்கும் முதல் ஆளும் கடைசி ஆளும் அடி வாங்கக் கூடாது.

நான்கு. தேர்ந்தெடுத்தவர் யார் என்று பெயர், தந்தை பெயர், ஊர், எண் நான்கையும் பெரிய எழுத்தில் தனியாகக் காட்ட வேண்டும். வேறு ஜன்னலுக்குப் போய் வந்தால் வெளிறிப் போகிற நீலத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. நம் வயதுக் கண்களுக்கு அது தெரியவும் தெரியாது.

ஐந்து. நீக்கியதை, மூடியதை உடனே அழித்துவிடக் கூடாது. எப்போது, யார், எந்த எண்ணை மூடினார்கள் என்று குறித்து வைத்து, ஒரு பொத்தானில் திருப்பி எடுக்க வழி வேண்டும். கணக்குப்பிள்ளை எழுதியதைச் சுரண்டி அழிக்க மாட்டார், குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுவார். அந்த மரியாதை போதும்.

இதில் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு. கவுன்ட்டரில் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், "திரையில இருக்கிற நம்பரை ஒரு தடவை வாசிச்சுக் காட்டும்மா" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. மருந்துக் கடையில் பெயரைச் சரி பார்ப்பது போலத்தான். தவறு நேர்ந்தால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மேல் பாயாதீர்கள். வரியைத் தேர்ந்தெடுத்த பிறகு பட்டியல் நகர்ந்ததா என்று கேளுங்கள், அதை மனுவிலும் எழுதுங்கள். மேலே இருப்பவர்கள் அந்தக் கேள்வியைப் பத்து மனுவில் பார்த்தால்தான் புரோகிராம் எழுதியவரைக் கூப்பிடுவார்கள்.

வீட்டில் பைத்தான் படிக்கிற பேரனோ பேத்தியோ இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு அட்டவணை போடச் சொல்லி, இரண்டு கோ.பூவராகன்களை அதில் ஏற்றச் சொல்லுங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு பட்டியலைத் தலைகீழாக அடுக்கிவிட்டு, நீக்கு என்று அழுத்தச் சொல்லுங்கள். யார் போகிறார் என்று கூட உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு நம் பெயர்கள் இருக்கும் பட்டியல்களை எழுதப் போகிறவர்கள்.